அரைப் பங்கும் முழுப் பங்கும்

(பழவேற்காட்டு மீனவக் கிராமங்களில் பயிற்சி நடத்துவோருக்காகப் பொன்னேரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"செய்து கற்கும் தொழிற்பயிற்சி பலன் தந்ததா என்று அளப்பது எப்படி?" இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கேட்டவுடன் கோப்பு வாசனை அடிக்கிற தலைப்பு. ஆனால் இந்தப் பயிற்சி முறைக்கும் கடலுக்கும் பழைய உறவு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டே பழவேற்காட்டு ஏரிக்கு வருகிறேன்.

1941. இரண்டாம் உலகப் போர் நடக்கிறது. அட்லாண்டிக் கடலில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றாக மூழ்கடிக்கின்றன. ப்ளூ ஃபனல் என்ற கப்பல் கம்பெனியை நடத்திவந்த லாரன்ஸ் ஹோல்ட் என்பவருக்கு ஒரு கவலை. கப்பல் மூழ்கி உயிர்ப்படகில் ஏறிய பிறகு, நல்ல உடல் வலுவுள்ள இளைஞர்கள் சோர்ந்து மடிகிறார்கள், வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று அவர் நம்பினார். குர்ட் ஹான் என்ற கல்வியாளரோடு சேர்ந்து வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதன் பெயர் அவுட்வர்ட் பவுண்ட். பையன்களைப் படகிலும் மலையிலும் விட்டுப் பழக்குவதுதான் பாடம். இன்றைக்குக் கம்பெனிகள் 'அவுட்பவுண்ட் டிரெயினிங்' என்று நடத்துவதற்கெல்லாம் மூதாதை அதுதான்.

அந்தப் பள்ளிக்கு முன்னால் இருந்த அளவுகோல் கொடுமையானது, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாதது. படகில் ஏறியவன் உயிரோடு கரை சேர்ந்தானா, இல்லையா? இப்போது சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ரிசார்ட்டுகளுக்குக் கணினி நிறுவன ஊழியர்களை அழைத்துப் போகிறார்கள். நாலு பீப்பாய், கொஞ்சம் மூங்கில், கயிறு கொடுத்துத் தெப்பம் கட்டச் சொல்கிறார்கள். கட்டுமரம் கட்டிய கடற்கரையில் இது நடப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அதை விடுங்கள். சாயங்காலம் ஒரு தாள் தருகிறார்கள். பயிற்சி எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடுங்கள். எல்லாரும் நாலோ ஐந்தோ போடுகிறார்கள். பயிற்சி வெற்றி.

அதே தாள்தான் பழவேற்காட்டுக்கும் வருகிறது. என் குறை அங்கிருந்து தொடங்குகிறது.

சிலிகா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி நம்முடையது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம்மிடம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவருகின்றன, முகத்துவாரம் உப்புநீர் கொண்டுவருகிறது. இந்த ஏரியை நம்பியிருக்கும் குப்பங்களில் பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. சென்னையில் 1987இல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இதே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மீன்வளத் துறை, தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியத்தின் நிதி, சுனாமிக்குப் பிறகு வந்து தங்கிய தொண்டு நிறுவனங்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி என்று வழி பல. நண்டு கொழுக்க வைத்தல், கொடுவாக் குஞ்சு வளர்த்தல், மீன் ஊறுகாய், ஐஸ் போட்டு மீனைக் கெடாமல் காத்தல், ஜிபிஎஸ் கருவி, உயிர்காப்புச் சட்டை. எல்லாமே நல்ல விஷயங்கள். எல்லாமே செய்து காட்டி, செய்ய வைத்துக் கற்பிப்பவை.

முடிவில் அறிக்கை எப்படி இருக்கிறது? இத்தனை பேருக்குப் பயிற்சி தரப்பட்டது, இத்தனை சான்றிதழ், இத்தனை புகைப்படம். தாளில் எழுதத் தெரியாத அம்மாவிடம் பயிற்சியாளரே கேட்டு எழுதிக்கொள்கிறார். "எப்படிம்மா இருந்துச்சு?" "நல்லாத்தான் சார் இருந்துச்சு. சாப்பாடும் நல்லா இருந்துச்சு." மூன்று நாள் வந்து நல்லபடியாகப் பேசிய ஒருவரிடம், படிக்காசு கைக்கு வருவதற்கு முன்னால், வேறென்ன சொல்வார்? விருந்தாளி மனம் நோகக் கூடாது என்பது நம் வழக்கம். அந்த வழக்கத்தை அளந்துவிட்டுப் பயிற்சியை அளந்ததாக எழுதுகிறோம்.

டொனால்டு கிர்க்பாட்ரிக் என்ற விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் 1959இல் ஒரு தொழில்துறைப் பத்திரிகையில் கட்டுரைகள் எழுதினார். பயிற்சியை நாலு படியில் பார்க்க வேண்டும் என்றார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் கற்றபடி செய்கிறார்களா, அதனால் விளைவு மாறியதா. உலகம் முழுக்கப் பயிற்சித் துறைக்காரர்கள் இந்த நாலு படியை மனப்பாடமாகச் சொல்வார்கள். பெரும்பாலோர் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள், ஏனென்றால் அங்கே செலவு குறைவு. நான் இரண்டாம் படியில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நம் ஊர்த் தொழிலில் அது மலிவாகவும் துல்லியமாகவும் செய்யக்கூடிய படி.

நண்டை எடுத்துக்கொள்வோம். ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட சேற்று நண்டுக்கு உள்ளே சதை பிடித்திருக்காது. பார்க்கப் பெரிதாக இருக்கும், உடைத்தால் தண்ணீர். வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்பார். அதையே மூன்று நாலு வாரம் கூண்டிலோ குட்டையிலோ விட்டு, கழிவு மீனும் மட்டிச் சதையும் போட்டு வளர்த்தால் கெட்டிப்பட்டுவிடும், விலை பல மடங்கு ஏறும். சிங்கப்பூருக்கு உயிரோடு போகிற சரக்கு அது. இந்தத் தொழிலின் சூட்சுமம் இரண்டு இடத்தில் இருக்கிறது. வாங்கும்போது எது வளரும் நண்டு, எது செத்துப்போகும் நண்டு என்று தெரிய வேண்டும். விற்கும்போது எது கெட்டிப்பட்டது, எதற்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று தெரிய வேண்டும். நண்டைப் புரட்டி, அடிப்பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார்களே, அந்த விரலுக்குத்தான் பயிற்சி.

அப்படியானால் தேர்வு என்ன? பலவகையும் கலந்த நண்டு ஒரு கூடை. பயிற்சிக்கு முன்னால் ஒவ்வொருவரையும் பிரிக்கச் சொல்லுங்கள். அதே கூடையை நண்டு வியாபாரி பிரிக்கட்டும். எத்தனை நண்டில் இருவரும் ஒத்துப்போகிறார்கள் என்று எண்ணுங்கள். பயிற்சி முடிந்ததும் மறுபடி ஒரு கூடை. ஆறு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், இன்னொரு கூடை. எழுத்து வேண்டாம், படிவம் வேண்டாம், ஐந்துக்கு எத்தனை மார்க் என்ற பேச்சே வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை. வியாபாரிக்குத் தன் லாபம் இருக்கிறது, கெட்டி நண்டையும் 'தண்ணி' என்று ஒதுக்குவது அவருக்குக் கை வந்த கலை. ஆகவே ஒன்றுக்கொன்று போட்டியாக வாங்கும் இரண்டு வியாபாரிகளைக் கூப்பிடுங்கள்.

முன்னால் ஒரு கூடை என்று சொன்னேனே, அதை விட்டுவிடாதீர்கள். நம் பயிற்சிகளில் பெரும்பாலும் விடுபடுவது அதுதான். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு, தண்ணீரின் கலங்கலைப் பார்த்து இறால் இருக்கும் இடம் தெரியும். வலை இல்லை, படகு இல்லை, பிடித்ததைப் போட ஒரு பறி மட்டும். அவர்களை வகுப்பில் உட்கார வைத்து இறாலின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் போட்டு விளக்கி, கடைசியில் கேள்வி கேட்டு, பத்துக்கு எட்டு மார்க் வாங்கினார்கள் என்று பெருமைப்படுவதில் என்ன இருக்கிறது? முதல் நாளே கேட்டிருந்தால் பத்துக்கு ஒன்பது வந்திருக்கலாம். இதே இருளர் இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். முதல் இரண்டு வாரத்திலேயே பத்துக்கு மேற்பட்ட பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களிடம் அங்கே யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

சரி, கற்றுவிட்டார்கள். செய்கிறார்களா? மூன்றாம் படியில்தான் பழவேற்காட்டுப் பயிற்சிகள் பெரும்பாலும் சறுக்குகின்றன. சறுக்கியவுடன் "அவங்களுக்கு ஆர்வம் இல்லை சார்" என்று எழுதிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். இந்த ஏரியில் யார் எங்கே வலை போடலாம் என்பதைத் தீர்மானிக்கிறது பாடு முறை. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் இடங்களில் கழி நட்டு வலை கட்டும் உரிமை மீனவச் சாதியான பட்டினவர்களின் குப்பங்களுக்கு உண்டு. முறை வைத்தும் சீட்டுக் குலுக்கியும் இடத்தையும் நாளையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் நல்ல இடம் சுழன்று வரும், சண்டை குறையும், ஏரியும் தாங்கும். வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து வியந்து எழுதிய ஏற்பாடு. ஆனால் அந்தச் சீட்டில் பெண்ணுக்குப் பெயர் இல்லை, இருளருக்குப் பெயர் இல்லை, தலித் மீனவருக்குப் பெயர் இல்லை.

இப்போது ஒரு இருளர் பெண்ணுக்கு நண்டுக் கூண்டு வைக்கப் பயிற்சி கொடுக்கிறோம். நன்றாகவே கற்றுக்கொண்டார். கூண்டை எங்கே வைப்பார்? அந்தத் தண்ணீர் யாருடையது? ராத்திரி கூண்டோடு நண்டு காணாமல் போனால் எந்த ஊர்ப் பஞ்சாயத்தில் போய் நிற்பார்? கொழுக்க வைக்க நண்டு வாங்க முன்பணம் யார் கொடுப்பார்? ஆறு மாதம் கழித்து நாம் போய்ப் பார்த்து, கூண்டு இல்லை, ஆகவே பயிற்சி தோல்வி என்று எழுதினால் தவறான இடத்தில் கோடு போடுகிறோம். பயிற்சி ஜெயித்திருக்கிறது, தண்ணீர் கிடைக்கவில்லை. இரண்டையும் தனித்தனியாக எழுதுகிற பத்தி நம் அறிக்கையில் இல்லை.

ராபர்ட் பிரிங்கர்ஹாஃப் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு எளிய வழி சொல்லியிருக்கிறார். எல்லாரையும் சராசரி போடாதே. கற்றதை மிக நன்றாகப் பயன்படுத்திய சிலரையும், துளியும் பயன்படுத்தாத சிலரையும் தேடிப் பிடித்து, ஏன் என்று நிதானமாகக் கேள். முப்பது பேர் பயிற்சிக்கு இது மிகப் பொருத்தம். முப்பது பேரின் சராசரி எதையும் சொல்லாது. கூண்டு போட்ட இரண்டு பேரும் போடாத இரண்டு பேரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

நாலாம் படி, வருமானம். நிதி தருகிறவர்களுக்கு இதுதான் வேண்டும். "பயிற்சிக்குப் பின் வருமானம் எத்தனை சதவீதம் உயர்ந்தது?" ஏரியைத் தெரிந்தவர் யாரும் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல மாட்டார். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்தது மறுபடி கடலுக்குத் திரும்பும், அந்த வழியில்தான் நம் வலை காத்திருக்கிறது. முகத்துவாரத்தை மண் மூடினால் இறால் வராது. மழை பொய்த்தால் ஏரி உப்பேறும், மழை கொட்டினால் உப்பு சட்டென்று இறங்கும். 2023 நவம்பரில் ஒரு பயிற்சி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். கூடவே எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய்க் கசிவு, மீன் வாங்கவே ஜனங்கள் பயந்தார்கள். ஜனவரியில் போய் வருமானத்தைக் கேட்டால் விழுந்திருக்கும். பயிற்சியா கெடுத்தது? முகத்துவாரம் நன்றாகத் திறந்திருக்கும் ஆண்டில் அதே பயிற்சியை நடத்தியிருந்தால் வருமானம் ஏறியிருக்கும். பயிற்சியா கொடுத்தது?

இதற்கு வைத்தியம் ஒப்பீடு. அதே குப்பம், அதே மாதம், அதே தண்ணீர். பயிற்சி பெற்றவர்கள் ஒரு பக்கம், இன்னும் பெறாதவர்கள் மறுபக்கம். ஆனால் யார் முதலில் வருகிறார்கள்? சுறுசுறுப்பானவர்கள், கொஞ்சம் கையில் காசுள்ளவர்கள், தலைவருக்கு வேண்டியவர்கள். அவர்கள் பயிற்சி இல்லாமலேயே முன்னேறக்கூடியவர்கள். மருத்துவ ஆராய்ச்சியில் இதற்குச் சீட்டுக் குலுக்கல்தான் தீர்வு. கிராமத்தில் அது நடக்காது, ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்று நம்மிடம் சொல்வார்கள். இந்த ஏரியில் தலைமுறை தலைமுறையாக அன்றாடப் பிழைப்பையே சீட்டில் விட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்! இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இறால் வலை கட்டும் இடங்களுக்குச் சீட்டுப் போடுகிறார்கள். அறுபது பேர் பயிற்சி கேட்டு முப்பது இடம்தான் இருந்தால், ஊர் நடுவில் எல்லார் பெயரையும், பெண்கள் பெயரையும் இருளர் பெயரையும் சேர்த்து, குலுக்கிப் போடுங்கள். சீட்டு விழாதவர்களுக்கு அடுத்த அணியில் இடம் நிச்சயம் என்று எழுதிக் கொடுங்கள். காத்திருக்கும் முப்பது பேர்தான் ஒப்பீட்டு அணி. நாலைந்து குப்பங்களில் இப்படிச் செய்து சேர்த்துப் பார்த்தால், புயலும் முகத்துவாரமும் இரு தரப்புக்கும் பொது. மிச்சமிருக்கும் வித்தியாசம் பயிற்சியுடையது.

ஒப்பீடு இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய திட்டமும் மயக்கிவிடும் என்பதற்கு இந்தோனேசியா சாட்சி. 1980களில் அங்கே புகையான் பூச்சி நெல்லை அழித்தது. 1986இல் அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989இலிருந்து உழவர் வயல்வெளிப் பள்ளிகள் வந்தன. வாரம் ஒருமுறை வயலிலேயே கூடி, பூச்சியை எண்ணி, வரைந்து, விவாதித்துக் கற்பது. செய்து கற்பதற்கு அதைவிட அழகான உதாரணம் கிடையாது. பார்த்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். 2004இல் ஃபெடர், முர்காய், குவிசோன் என்ற மூன்று பொருளியலாளர்கள், பள்ளிக்குப் போனவர், போகாதவர் இரு தரப்பையும் பல ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டார்கள். விளைச்சலிலும் மருந்துச் செலவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதினார்கள். அதை மறுத்தவர்களும் உண்டு, சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்தச் சண்டை நடக்கவாவது எண்கள் இருந்தன. நம்மிடம் புகைப்படம் இருக்கிறது.

சில பயிற்சிகளுக்கு விளைவைக் காத்திருந்து பார்ப்பதே தவறு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உயிர்காப்புச் சட்டை, ஆள் எண்ணிக்கை என்று நிறையப் பேசினோம். பயிற்சிக்குப் பின் இரண்டு ஆண்டு விபத்து இல்லை, ஆகவே வெற்றி என்று எழுதாதீர்கள். பயிற்சிக்கு முன்னாலும் பல ஆண்டுகள் விபத்து இல்லாமல்தான் போயின. அரிதாக நடப்பதை நடக்கவில்லை என்று சொல்லி எதையும் நிரூபிக்க முடியாது. முகத்துவாரம் தாண்டும் படகுகளில் சட்டை போட்டிருப்பவர் எத்தனை பேர், சட்டையை மடித்து அதன்மேல் உட்கார்ந்திருப்பவர் எத்தனை பேர் என்று ஒரு காலை நேரம் கரையில் நின்று எண்ணுங்கள். அது போதும். ஐஸ் பயிற்சியும் அப்படித்தான். மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் போட வேண்டும் என்று கற்பித்தோம். போடுகிறீர்களா என்று கேட்டால் போடுகிறோம் என்பார்கள். ஐஸ் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இனி அரைப் பங்கு, முழுப் பங்கு என்று நான் வைத்த தலைப்புக்கு வருகிறேன். படகில் புதிதாக ஏறும் பையனுக்கு முதலில் முழுப் பங்கு கிடையாது. செலவு போக மிஞ்சியதைப் படகுக்கு, வலைக்கு, ஆட்களுக்கு என்று பிரிக்கும்போது அவனுக்கு அரைப் பங்குதான். வலை இழுப்பான், மீன் பிரிப்பான், திட்டு வாங்குவான். ஒரு நாள் முழுப் பங்கு விழும். தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் தங்கள் பங்கிலிருந்து குறைத்துத்தான் அதை அவனுக்குக் கொடுக்கிறார்கள். தப்பாக மதிப்பிட்டால் நஷ்டம் அவர்களுக்கே. கூடைக்காரப் பெண்ணுக்கு மொத்த வியாபாரி கடனுக்கு மீன் கொடுக்கத் தொடங்குவதும் இதே கணக்குதான்.

நான் பார்த்த மதிப்பீட்டு முறைகளில் இதற்கு ஈடானது இல்லை, காரணம் எளிது. மதிப்பிடுகிறவர் தன் மதிப்பீட்டுக்கு விலை கொடுக்கிறார். நம் பயிற்சிகளில் மதிப்பிடுகிறவர் யார்? பயிற்சி நடத்தியவர். நல்ல மதிப்பெண் வந்தால் அடுத்த நிதி அவருக்கு. இதைவிடக் கோணலான ஏற்பாடு இருக்க முடியாது. பங்கு முறையிலும் ஓட்டை உண்டு, மறைக்கவில்லை. மச்சான் மகனுக்குச் சீக்கிரம் முழுப் பங்கு விழும், அந்நியப் பையன் காத்திருப்பான். படகில் பெண்ணுக்கு அரைப் பங்கு என்ற பேச்சே கிடையாது. ஆகவே அதை அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை. பயிற்சியின் பலனைக் கேட்கும்போது, பலன் இல்லையென்றால் யாருக்கு நஷ்டமோ அவரிடம் போய்க் கேளுங்கள் என்கிறேன். நண்டு வாங்குகிறவர், ஐஸ் விற்கிறவர், படகில் கூட ஏறுகிறவர், குழுவில் கடனுக்கு ஜாமீன் போட்ட பெண்கள். அவர்கள் முகத்தாட்சண்யத்துக்கு மார்க் போட மாட்டார்கள்.

இங்கே இருக்கும் அலுவலர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பயிற்சிக்குத் திட்ட மதிப்பீடு போடும்போது பந்தலுக்கும் பேனருக்கும் எழுதும் தொகையில் பாதியைக் குறையுங்கள். அந்தப் பணத்தில், ஓராண்டு கழித்துத் திரும்பிவந்து பார்ப்பதற்கு ஒரு நாளை இப்போதே ஒதுக்குங்கள். அன்றைக்கு வேலையை விட்டு வந்து உங்களுக்குப் பதில் சொல்லும் பெண்களுக்கும் படிக்காசு உண்டு என்று அதே தாளில் எழுதுங்கள். அன்றைய அறிக்கையை நிதி கொடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்தக் குப்பத்தில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.